கார் நிறுவனங்களின் வரலாற்றில் இறப்பர் தோட்டங்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் உலகின் பெயர்பெற்ற கார் நிறுவனங்களின் வரலாற்றைக் கூறிவரும் தொடரை ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து விலைப்பட்டியல்களும் லீசிங் விளம்பரங்களுமே பத்திரிகைப் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருக்க, இந்த வாகனங்களைச் செய்தவர்கள் யார், எந்தச் சூழலில் செய்தார்கள் என்று எடுத்துச் சொல்வதற்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை இடம் ஒதுக்கியிருப்பது வரவேற்கத்தக்கது. தொழிற்பயிற்சி நிலையமொன்றில் நீண்டகாலம் மோட்டார் பொறிமுறை கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இதுவரை வெளிவந்த பகுதிகளில் தொழில்நுட்பப் பிழைகள் பெரிதாக இல்லை என்பதையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

ஆயினும் தொடர் முழுவதற்கும் பொதுவான ஒரு குறையைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு மேதையின் பட்டறையில் பிறந்து, அவருடைய விடாமுயற்சியால் வளர்ந்து, அவருடைய பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது என்ற ஒரே வார்ப்பில்தான் எல்லாக் கட்டுரைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக வருகிறது. அந்த இயந்திரம் உருண்டு செல்லும் டயரைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. டயர் எதனால் ஆனது, அந்தப் பொருள் எங்கே விளைந்தது, யார் அதை மரத்திலிருந்து இறக்கினார்கள் என்ற கேள்விகளை இத்தொடர் கேட்டிருந்தால், டெட்ரொயிட்டிலும் பாரிஸிலும் தொடங்கும் கதை யட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் மாத்தளைக்கும் வந்து சேர்ந்திருக்கும். மலையகத்திலும் அதன் அடிவாரத்திலும் வாழும் வாசகர்களுக்காக எழுதப்படும் கார் வரலாற்றில் இது விடுபடக் கூடாது என்பதே இக்கடிதத்தின் நோக்கம்.

முதலில் பென்ஸ் பற்றிய பகுதி. கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 ஆம் திகதி காப்புரிமை கோரி விண்ணப்பித்ததையும், அவருடைய மனைவி பெர்த்தா 1888 ஓகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே தம் இரு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கும் அதிகமான தூரத்தை ஓட்டிக் கடந்ததையும், வழியில் வீஸ்லொக் என்ற ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியதையும் கட்டுரையாளர் சுவையாகச் சொல்லியிருந்தார். மலைநாட்டாருக்கு மிகவும் வேண்டிய பகுதி மாத்திரம் விடுபட்டுவிட்டது. ஏற்றங்களில் அந்த வண்டி திணறி நின்றபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோகவே, சப்பாத்துத் தைக்கும் தொழிலாளி ஒருவரைக்கொண்டு அவற்றின்மேல் தோல் அடிக்கச் செய்தார் பெர்த்தா. பயணத்தின் பின்னர், ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் எடுத்துரைத்தார். அதுவும் வண்டியில் சேர்க்கப்பட்டது. ரம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் பிரேக்கை மட்டும் நம்பியிராமல் சின்ன கியரில் பஸ்ஸை இறக்கும் சாரதி கையாளும் இரண்டு பாதுகாப்புகளும், பிரேக் லைனிங்கும் குறைந்த கியரும், அந்தப் பயணத்தின் அனுபவத்தில் விளைந்தவை. பெயரறியாத ஒரு செருப்புத் தொழிலாளியின் கைவேலை பென்ஸ் நிறுவனத்தின் வரலாற்றுக்குள் இப்படி இருக்கிறது. அவரையும் சேர்த்துச் சொல்வதால் பென்ஸின் பெருமைக்கு எந்தக் குறையும் நேராது.

மெர்சிடீஸ் என்ற பெயர் எமில் யெலினெக் என்ற வணிகரின் மகளுடையது என்பதைத் தொடரில் சொல்லியாயிற்று. 1900 மார்ச்சில் நீஸ் நகரிலிருந்து லா தூர்பி குன்றுக்கு ஏறும் பந்தயத்தில் டைம்லர் நிறுவனத்தின் உயரமான, நீளம் குறைந்த காரை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் விபத்துக்குள்ளாகி இறந்ததையும், அதன் பின்னரே நீளமாகவும் அகலமாகவும் நிலத்தோடு ஒட்டியும் ஒரு காரைச் செய்யும் வேலை தொடங்கி, வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைவலு மெர்சிடீஸ் 1901 இல் வெளிவந்ததையும் கூட ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

இனி டயருக்கு வருகிறேன். பெர்த்தா தம் பயணத்தைச் செய்த அதே 1888 இல்தான், பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த கால்நடை வைத்தியரான ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அது சைக்கிளுக்கென்று செய்யப்பட்டது. பிரான்ஸின் மிச்செலின் சகோதரர்கள் 1895 இல் பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களை மாட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். டயர்கள் வழியெல்லாம் வெடித்துத் தொல்லை கொடுத்தபோதிலும் கார் பயணத்தை முடித்தது. அன்றிலிருந்து கார் செய்பவர்கள் எல்லோருக்கும் இறப்பர் இன்றியமையாததாயிற்று. அப்போது உலகச் சந்தைக்கு வந்த இறப்பரில் பெரும்பகுதி அமேசன் காடுகளில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்து கிடைத்தது.

அந்த மரத்தின் விதைகளை 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அங்கே முளைத்தவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களை 1869 முதல் பரவிய இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம் அது. உயர்ந்த மலைகளில் கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே, வெப்பமும் மழையும் மிகுந்த கேகாலை, இரத்தினபுரி, களுத்துறைப் பகுதிகளிலும் மாத்தளையின் சரிவுகளிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் பரவியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் சிங்களத் தொழிலாளர்களும் அங்கே பால் வெட்டினார்கள்.

பால்வெட்டு எப்படி நடக்கும் என்பது தேயிலைத் தோட்டத்தாருக்கே நன்றாகத் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில் ஏறினால் பால் ஓடுவது குறைந்துவிடுமாதலால் விடியும்போதே வேலை தொடங்கிவிட வேண்டும். பட்டையைச் சாய்வாக, மெல்லிய சீவலாக, உள்ளே இருக்கும் மரத்தைத் தொடாமல் வெட்ட வேண்டும். கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை சரியாக மீண்டும் வளராது. சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்த வேண்டும். வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலையும் விடாமல் உரித்தெடுக்க வேண்டும். காலையில் மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு இல்லை. இத்தனை நுட்பமான கைத்தொழில் ஒன்று மோட்டார் தொழிலின் அடியில் இருக்கிறது என்பதை என் வகுப்புகளில் டயர் பற்றிய பாடத்தின்போது நான் தவறாமல் சொல்வதுண்டு. பாடநூலில் அது இல்லை.

ஹென்றி ஃபோர்டைப் பற்றிய பகுதிக்கு நீங்கள் இரண்டு வாரங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். 1903 ஜூனில் நிறுவனம் தொடங்கியது, 1908 இல் மொடல் டி வந்தது, 1913 இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் பொருத்து வரிசை அமைந்தது, 850 டொலராக இருந்த விலை 1920 களின் நடுவில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது, 1927 வரை 1 கோடி 50 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன என்பவை யாவும் சரி. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டொலர் சம்பளம் அறிவிக்கப்பட்டதை ஃபோர்டின் தாராள மனதுக்குச் சான்றாகக் கட்டுரையாளர் காட்டியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பொருத்து வரிசையின் சலிப்பூட்டும் வேலையைத் தாங்க முடியாமல் ஆட்கள் விலகிக்கொண்டே இருந்ததால், 1913 இல் சுமார் 14,000 பேர் வேலை செய்த ஆலையை நடத்துவதற்கு 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. உயர்ந்த சம்பளம் அதைத் தடுப்பதற்கான வழி. அந்தச் சம்பளத்தைப் பெறுவதற்குத் தகுதியுடையவரா என்று தொழிலாளியின் வீட்டுக்கே வந்து குடிப்பழக்கம், சேமிப்பு, குடும்ப ஒழுங்கு ஆகியவற்றை விசாரிக்க நிறுவனத்தில் ஒரு பிரிவும் இருந்தது. தோட்டத்து நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. (மொடல் டி காரின் பெற்றோல் தாங்கி ஆசனத்தின் கீழே இருந்து, எரிபொருள் ஈர்ப்பினாலேயே இயந்திரத்துக்கு இறங்கியதால், பெற்றோல் குறைவாயிருக்கும்போது செங்குத்தான ஏற்றங்களில் பின்னோக்கி ஏற வேண்டியிருந்தது என்பதையும் மலைநாட்டு வாசகர்கள் இரசித்திருப்பார்கள்.)

கோடிக்கணக்கான கார்களுக்கு டயர் எங்கிருந்து வந்தது? 1920 களில் உலக இறப்பரின் பெரும்பகுதி பிரித்தானிய ஆட்சியிலிருந்த மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும், ஒல்லாந்தர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் விலை சரிந்தபோது, தோட்ட முதலாளிகளைக் காப்பதற்காகப் பிரித்தானிய அரசாங்கம் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மலாயாவும் இலங்கையும் அதற்குள் அடங்கின; ஒல்லாந்தர் சேரவில்லை. 1925 இல் ஓர் இறாத்தல் இறப்பரின் விலை ஒரு டொலரையும் தாண்டியது. அமெரிக்கக் கார் தொழில் திகைத்துப்போயிற்று. டயர் உற்பத்தியாளரான ஹார்வி ஃபயர்ஸ்டோன் 1926 இல் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். தோமஸ் எடிசன், ஃபோர்ட், ஃபயர்ஸ்டோன் மூவரும் சேர்ந்து அமெரிக்க மண்ணில் விளையும் செடிகளிலிருந்து இறப்பர் எடுக்க முடியுமா என்று ஆராய்வதற்கு 1927 இல் ஒரு நிறுவனத்தையே அமைத்தார்கள். ஃபோர்ட் அதோடு நிற்காமல், பிரேசிலின் தப்பஜோஸ் ஆற்றங்கரையில் பெருநிலப்பரப்பு ஒன்றைப் பெற்று, 1928 இல் ஃபோர்ட்லாண்டியா என்ற தோட்ட நகரத்தை அமைக்கத் தொடங்கினார்.

தங்கள் தொடர் ஃபோர்ட்லாண்டியாவை ஒரு சொல்லாலும் தொடவில்லை என்பதுதான் எனக்குப் பெரும் ஏமாற்றம். ஃபோர்டின் வாழ்க்கையில் தோட்டத் தமிழருக்கு மிக எளிதில் விளங்கக்கூடிய அத்தியாயம் அதுவே. காட்டை எரித்து அழித்து மரங்களை நெருக்கமாக நட்டார்கள். தொழிலாளருக்கு அமெரிக்க உணவு பரிமாறப்பட்டது. மதுவுக்குத் தடை விதிக்கப்பட்டது. டெட்ரொயிட்டில் திட்டமிடப்பட்டு உலோகக் கூரை போட்டுக் கட்டப்பட்ட வீடுகள் அமேசன் வெயிலில் அடுப்பாயின. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துத் தகரக் கூரையின் கீழே வளர்ந்தவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. 1930 டிசெம்பரில் உணவுக்கூடத்தில் தொடங்கிய தகராறு பெருங்கலகமாகி, தொழிலாளர் கட்டடங்களையும் வாகனங்களையும் நொறுக்கினார்கள். அதைவிடப் பெரிய எதிரி ஓர் இலைநோய். காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்கும்போது பரவ இயலாமலிருந்த அந்தப் பூஞ்சை, வரிசையாக நெருக்கி நட்ட தோட்டத்தில் மரத்துக்கு மரம் தாவியது. கோப்பிக்கு இலங்கையில் நேர்ந்தது இறப்பருக்கு அதன் தாய்நாட்டிலேயே நேர்ந்தது. 1934 இல் பெல்ட்டெரா என்ற வேறோர் இடத்தில் மீண்டும் முயன்றும் பயன் கிட்டவில்லை. 1945 இல் ஃபோர்ட் நிறுவனம் இரண்டு தோட்டங்களையும் பிரேசில் அரசாங்கத்திடம் மிகச் சிறிய தொகைக்கு ஒப்படைத்து வெளியேறியது. ஹென்றி ஃபோர்ட் அங்கே ஒருமுறைகூடச் சென்றதில்லை.

ஆசியாவுக்கு அந்தப் பூஞ்சை வந்துசேராததாலேயே இங்கே தோட்டங்கள் தப்பின. உலகிலேயே மிகத் திறமையாகக் கார் செய்த மனிதரால் செய்ய இயலாமற்போன ஒரு வேலையை, பள்ளிக்கூடத்தையே கண்டிராத நம் பாட்டன் பாட்டிமார் சாதாரணமாக நாள்தோறும் செய்துகொண்டிருந்தார்கள். இதை வெறும் பெருமைப் பேச்சாக எழுதவில்லை. ஃபோர்ட் வரலாற்றை முழுமையாகச் சொன்னால் இந்த ஒப்பீடு தானாகவே வந்து நிற்கும்.

டயர் நிறுவனத்தின் கதை வேறு, கார் நிறுவனத்தின் கதை வேறு என்று யாராவது மறுமொழி எழுதக்கூடும். சிட்ரோயன் பற்றிய தங்கள் கட்டுரையே அதற்குப் பதில் தருகிறது. அன்ட்ரே சிட்ரோயன் முன்சக்கர இழுவைக் காரை உருவாக்குவதில் அளவுமீறிச் செலவழித்து 1934 டிசெம்பரில் முறிவடைந்தார் என்று எழுதிய கட்டுரையாளர், அந்த நிறுவனத்தை அதன்பின் எடுத்து நடத்தியது அதற்குப் பெருங்கடன் கொடுத்திருந்த மிச்செலின் டயர் நிறுவனம் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டார். நாற்பது ஆண்டுகள் வரை சிட்ரோயனின் உரிமை பெரும்பாலும் ஒரு டயர் நிறுவனத்தின் கையில் இருந்தது. அதே மிச்செலினுக்கு வியட்நாமில் இறப்பர் தோட்டங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றான பூ ரியெங்கில் 1930 பெப்ரவரியில் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தது அந்நாட்டு விடுதலை வரலாற்றில் இன்றும் நினைவுகூரப்படும் நிகழ்ச்சி. சிட்ரோயன் 2சிவி கார் கிராமத்து விவசாயிக்காகச் செய்யப்பட்டது என்று மனமுருக எழுதும்போது, அதன் உரிமையாளரின் தோட்டத்தில் வேலை செய்த விவசாயத் தொழிலாளியையும் ஒரு வரி நினைத்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போர் இந்தத் தொடர்பை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. 1942 இன் முதல் மாதங்களில் மலாயாவும் ஒல்லாந்தர் தீவுகளும் ஜப்பானியர் வசமானபோது, நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரக்கூடிய முதன்மையான இடமாக இலங்கை எஞ்சியது. அமெரிக்காவில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு உட்பட்ட பொருள் டயர்தான். 1942 பெப்ரவரியில் அங்கே பொதுமக்களுக்கான கார் உற்பத்தி முற்றாக நின்று, ஃபோர்டும் ஜெனரல் மோட்டர்ஸும் கிறைஸ்லரும் போர்த் தளபாடங்களுக்கு மாறின. டயர் தேய்வதைக் குறைப்பதற்காக மணிக்கு 35 மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. இதை எல்லா மோட்டார் வரலாறுகளும் சொல்கின்றன. அதே வேளையில் இலங்கைத் தோட்டங்களில் நாளைய மரத்தைப் பற்றி எண்ணாமல், கிடைக்கும் இடமெல்லாம் வெட்டிப் பால் எடுக்கும் முறை நடைமுறைக்கு வந்ததையும், போர் முடிந்தபோது வெட்டித் தீர்ந்த முதிய மரங்களோடு தோட்டங்கள் நின்றதையும் அவை சொல்வதில்லை.

போருக்குப் பிந்திய பகுதியை எழுதும்போது கட்டுரையாளர் கவனிக்க வேண்டியவை இன்னும் பல. 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவரும், அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் இலண்டனில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனரும் அறிமுகமாயின. உருக்குத் தட்டுப்பாட்டினால்தான் லேண்ட் ரோவரின் உடலுக்கு அலுமினியம் பயன்படுத்தப்பட்டது; ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டும் ஆலைகளுக்கே அன்று பிரித்தானியாவில் உருக்கு முன்னுரிமையோடு கிடைத்தது. தோட்டத்துரைமாரின் பங்களா முற்றங்களுக்கு இந்த வண்டிகள் வந்துசேர்ந்ததன் பொருளாதாரக் காரணம் இதுவே. பழைய லேண்ட் ரோவர்கள் நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் இன்றும் மூட்டை சுமக்கின்றன. அவை பிறந்த 1948 இல் நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம், அவற்றின் டயருக்குப் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களையும் அவற்றில் வந்த துரைமாருக்காகக் கொழுந்து பறித்தவர்களையும் நாடற்றவர்களாக்கியது என்பதை மலையகத்தில் எழுதப்படும் வரலாறு சொல்லாமல் வேறு எது சொல்லும்?

டொயோட்டா பற்றிய பகுதி அடுத்து வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். சக்கிச்சி டொயோடாவின் நெசவுத் தறியிலிருந்து அவருடைய மகன் கீச்சிரோ 1937 இல் மோட்டார் நிறுவனத்தை அமைத்தது வரையிலான கதை பலரும் அறிந்தது. 1950 இல் அந்த நிறுவனம் கடனில் மூழ்கி, ஆட்குறைப்புக்கு எதிராக நீண்ட வேலைநிறுத்தம் நடந்து, கீச்சிரோ பதவி விலகியதும், அதே ஜூன் மாதத்தில் கொரியப் போர் வெடித்து அமெரிக்க இராணுவம் லொறிகளுக்குக் கொடுத்த கட்டளைகளால் நிறுவனம் பிழைத்ததும் அதே அளவுக்கு அறியப்படவில்லை. அந்தப் போர் இலங்கை இறப்பரின் விலையையும் உயர்த்தியது. போர்க்கால ஏற்றம் தணிந்ததும், விலைச் சரிவும் அரிசித் தட்டுப்பாடும் ஒன்றாக வந்த நெருக்கடியில், சீனாவுக்கு இறப்பர் விற்பதற்கு இருந்த சர்வதேசத் தடையையும் பொருட்படுத்தாமல் 1952 டிசெம்பரில் இலங்கை இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. மறு ஆண்டு சீனாவின் முதலாவது மோட்டார் ஆலையின் கட்டட வேலை சங்சுன் நகரில் தொடங்கி, 1956 இல் அங்கிருந்து முதல் லொறி வெளிவந்தது. இன்று கொழும்பின் காட்சியறைகளில் வரிசையாக நிற்கும் சீன மின்சாரக் கார்களைப் பற்றி எழுதும்போது, 1995 இல் மின்கலம் செய்யத் தொடங்கிய பீ.வை.டி. நிறுவனத்தோடு கதையைத் தொடங்காமல், இந்த ஒப்பந்தத்திலிருந்து தொடங்கினால் நம் வாசகர்களுக்கு அது அண்மையிலிருக்கும்.

நிறுவனரை மட்டும் மையமாக வைக்கும் முறை வேறோர் இடத்திலும் தடுமாறுகிறது. ஹேர்பர்ட் ஒஸ்டின் 1905 இல் லோங்பிரிட்ஜில் தொடங்கிய நிறுவனமும் வில்லியம் மொரிஸின் நிறுவனமும் 1952 இல் இணைந்தன. 1968 இல் லேலண்டுடன் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயின. 1975 இல் அரசுடைமையாக்கப்பட்டு, பின்னர் கைமாறிக் கைமாறி, 2005 இல் எஞ்சிய எம்.ஜி. ரோவரும் முறிந்தது. லேண்ட் ரோவர் 2008 இல் ஜகுவாருடன் சேர்ந்து ஃபோர்டிடமிருந்து டாட்டாவின் கைக்கு வந்தது. 1948 இல் சென்னையில் ஒஸ்டின் கார்களைப் பொருத்துவதற்காகத் தொடங்கப்பட்ட அசோக் மோட்டர்ஸ், 1955 இல் அசோக் லேலண்ட் ஆகி, தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மறைந்த பின்னரும் பஸ் செய்துகொண்டிருக்கிறது; ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்பவர் அந்தப் பெயரை நாள்தோறும் பார்க்கிறார். ஒஸ்டினையும் மொரிஸையும் பற்றி எத்தனை சிறப்பாக எழுதினாலும் இந்த மாற்றங்களுக்கு அவர்களுடைய வாழ்க்கையில் விளக்கம் கிடைக்காது. தொழிலாளர், மூலப்பொருள், அரசாங்கக் கொள்கை, போர் ஆகியவற்றில்தான் கிடைக்கும்.

இப்படி எழுதினால் நிறுவனங்களின் நற்பெயருக்குப் பழுது வரும் என்று ஆசிரியர் குழு தயங்க வேண்டியதில்லை. வொக்ஸ்வேகன் நிறுவனம் நாஜி ஆட்சியில் 1937 இல் தொடங்கப்பட்டு, போர்க் காலத்தில் ஆயிரக்கணக்கான கட்டாயத் தொழிலாளர்களைக் கொண்டு இயங்கியதை அந்நிறுவனமே வரலாற்றாசிரியர்களைக் கொண்டு ஆராயச் செய்து 1990 களில் வெளியிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு உதவ 1998 இல் ஒரு நிதியையும் ஏற்படுத்தியது. தங்கள் கட்டுரையோ ஃபெர்டினண்ட் போர்ஷேயின் வரைபடத்திலிருந்து நேரே 2 கோடி 15 இலட்சம் ‘பீட்டில்’ என்ற வண்டுக் கார்களுக்குத் தாவிவிட்டது. நிறுவனமே மறைக்காத ஒன்றைப் பத்திரிகை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே, தொடரின் எஞ்சிய பகுதிகளுக்காக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஃபோர்ட்லாண்டியாவைப் பற்றியும் ஸ்டீவன்சன் திட்டத்தைப் பற்றியும் ஃபோர்ட் பகுதிக்கு ஒரு பிற்சேர்க்கை வெளியிட வேண்டும். டொயோட்டா கட்டுரையில் 1950 ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தையும் கொரியப் போரையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை, மாத்தளை மாவட்டங்களின் இறப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், புகைக்கூடங்களில் வேலை பார்த்தவர்கள், இறப்பர் தகடுகளைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்ற லொறிச் சாரதிகள் ஆகியோருள் இன்றும் நம்மிடையே இருக்கும் முதியவர்களைத் தங்கள் நிருபர்கள் சந்தித்து, அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே பதிவுசெய்து, இத்தொடரின் ஒரு பகுதியாக வெளியிட வேண்டும். தனியாக ஒரு மூலையில், சமூகப் பக்கத்தில், அனுதாபக் கட்டுரையாக அது வரக் கூடாது. கார் நிறுவனங்களின் வரலாறு என்ற அதே தலைப்பின் கீழ், அதே எழுத்தளவில் வர வேண்டும். மாணவர்களுக்காக நான் சேர்த்து வைத்திருந்த பாடக் குறிப்புகளும் பால்வெட்டுக் கத்தி, பழைய டயர் வகைகள் முதலியவற்றின் வரைபடங்களும் தங்களுக்குப் பயன்படுமாயின், தங்கள் ஹட்டன் நிருபர் மூலம் அனுப்பிவைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மோட்டார் பொறிமுறைப் போதனாசிரியர்,
ஹட்டன்.